பிலாத்துவுக்குப் "பரத்திலிருந்து" கொடுக்கப்பட்டது என்ன? யோவான் 19:11 பற்றி ஒரு விவாதம்

பாளை_வாசகி:

பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனையில் கேட்ட ஒரு விளக்கம் இன்னும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வசனம் யோவான் 19:10, 11. இயேசு பதில் சொல்லாமல் நிற்கிறார். அவரை விசாரிக்கும் ரோம தேசாதிபதி பிலாத்து கோபப்படுகிறான்: "உன்னைச் சிலுவையில் அறைய எனக்கு அதிகாரமுண்டென்றும், உன்னை விடுதலைபண்ண எனக்கு அதிகாரமுண்டென்றும் உனக்குத் தெரியாதா?" அதற்கு இயேசு சொல்வது: "பரத்திலிருந்து உமக்குக் கொடுக்கப்படாதிருந்தால், என்மேல் உமக்கு ஒரு அதிகாரமுமிராது, ஆனபடியினாலே என்னை உம்மிடத்தில் ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவமுண்டு."

பிரசங்கியார் இதை வாசித்துவிட்டு, "தம்மை அநியாயமாய்த் தீர்ப்பிட்ட அதிகாரியின் அதிகாரத்தையே ஆண்டவர் தேவனிடமிருந்து வந்ததாக ஏற்றுக்கொண்டார். அப்படியிருக்க, அதிகாரத்தில் வைக்கப்பட்டவர்களை நாம் எப்படிக் கேள்வி கேட்கலாம்?" என்றார்.

இதன் பின்னணியையும் சொல்லவேண்டும். எங்கள் சபையில் கட்டட நிதிக் கணக்கு கேட்டு இரண்டு பேர் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் வேதாகமத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார். ஆராதனை முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கடைசிவரை அவர் அதைத் திறக்கவில்லை.

அந்த வசனம் உண்மையிலேயே அதைத்தான் சொல்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சபை_மூப்பன்:

சகோதரி, உங்கள் சபைப் பிரச்சினை எனக்குத் தெரியாது, அதனால் வசனத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பிரசங்கியார் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ரோமர் 13:1 ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறது: "தேவனாலேயன்றி ஒரு அதிகாரமுமில்லை, உண்டாயிருக்கிற அதிகாரங்கள் தேவனாலே நியமிக்கப்பட்டிருக்கிறது." பவுல் இதை எழுதியது நீரோ ஆண்ட காலத்தில். நல்ல ராஜாவைப் பார்த்து எழுதிய வசனம் இல்லை இது. அதே உண்மையைத்தான் கர்த்தர் பிலாத்துவின் முன்னால் நின்று சொல்கிறார். தம் கையைக் கட்டியவனிடமே, உன் அதிகாரம் மேலிருந்து வந்தது என்கிறார்.

"ஆனபடியினாலே" என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். அதிகாரம் பரத்திலிருந்து வந்தபடியினாலே, பழி ஒப்புக்கொடுத்தவன்மேல் கூடுகிறது. அதாவது அதிகாரி தன் வேலையைச் செய்கிறான், சதி செய்தவனே பெரிய குற்றவாளி. வசனத்தின் ஓட்டம் அப்படித்தான் இருக்கிறது. நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை மாற்ற முடியாது.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு சபை, ஒரு தேர்தல் தகராறில் மூன்றாக உடைந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது, கோவில் பூட்டப்பட்டது, சாவி அரசாங்க அலுவலகத்தில் இருந்தது. இரண்டு கிறிஸ்துமஸுக்கு ஜனங்கள் வாசலில் நின்று பாட்டுப் பாடிவிட்டுத் திரும்பிப் போனார்கள். வயதான ஒரு அம்மா கதவில் நெற்றியை வைத்து ஜெபித்ததை நானே பார்த்தேன். ஆளாளுக்கு "நான் தேவனுக்குத்தான் கீழ்ப்படிவேன்" என்று கிளம்பினால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

மறைக்கல்வி_டீச்சர்:

நான் கத்தோலிக்கப் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி எடுப்பவள். இந்த வசனத்தில் மொழிபெயர்ப்பே ஒரு விஷயத்தைக் காட்டுகிறது. நாங்கள் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் "என்னை உம்மிடம் ஒப்புவித்தவன்தான் பெரும் பாவம் செய்தவன்" என்று இருக்கிறது. அதைப் படித்தால் பாவம் முழுவதும் அந்த ஒருவன் தலையில்தான் என்று தோன்றும். உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "அதிக பாவமுண்டு". அதிக என்றால் ஒப்பிடுகிறார் என்று அர்த்தம். ஒருவனுக்கு அதிகம் என்றால் எதிரில் நிற்பவனுக்குக் குறைவாகவாவது இருக்கவேண்டும் அல்லவா? இயேசு பிலாத்துவை விடுவிக்கவில்லை, அவனுடைய பாவத்துக்கு ஓர் அளவு சொல்கிறார்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. விசுவாச அறிக்கையில் நாங்கள் சிறு வயதில் படித்தது "போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு". உங்கள் பக்கம் "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்பார்கள். காலத்தில் என்றால் அது ஒரு தேதிபோல ஆகிவிடுகிறது. அதிகாரத்தில் என்றால், அந்தப் பாடு ஒருவனுடைய அதிகாரத்துக்கு உட்பட்டு நடந்தது என்று ஒவ்வொரு ஞாயிறும் வாயால் சொல்கிறோம். என் அம்மாச்சி அந்தச் சொல்லில் குரலை ஓங்கிச் சொல்வார்.

மூலமொழி:

டீச்சர் சொன்னது சரி. கிரேக்கத்திலும் அது ஒப்பீட்டுச் சொல்தான்: மெய்ஸொனா, அதாவது இன்னும் பெரிய. 'அதிக பாவம்' மூலத்துக்கு நெருக்கமானது.

மூப்பன் ஐயா "ஆனபடியினாலே" என்ற கீலைப் பிடித்தது நியாயமான வாதம், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அதற்கு முந்தின பகுதியின் இலக்கணத்தையும் பாருங்கள். அதிகாரம் என்பதற்குக் கிரேக்கச் சொல் எக்ஸூசியா. அது பெண்பால் சொல். "கொடுக்கப்பட்டிராவிட்டால்" என்ற இடத்தில் வரும் தெதொமெனொன் பெண்பாலில் இல்லை. நம் 'அது' போன்ற வடிவத்தில் இருக்கிறது. அதிகாரம் கொடுக்கப்பட்டது என்று மட்டும் சொல்ல நினைத்திருந்தால் பெண்பால் வடிவம் வந்திருக்கும். அதனால், "இது உமக்கு மேலிருந்து கொடுக்கப்பட்டிராவிட்டால்" என்று முழு நிகழ்ச்சியையும் சுட்டுகிறது என்று வாசிக்கும் அறிஞர்கள் உண்டு. இந்தக் கைதி, இந்தக் காலை வேளை, இந்தத் தீர்ப்பு எல்லாம் பிலாத்து தேடிப்போய் எடுத்தவை அல்ல, அவன் கையில் வந்து விழுந்தவை. ஒப்புக்கொடுத்தவனோ தேடிப்போய்ச் செய்தான். அதனால் இவனுக்குக் குறைவு, அவனுக்கு அதிகம். இப்படி வாசித்தால் "ஆனபடியினாலே" இடிக்காமல் பொருந்துகிறது. "பதவியில் இருப்பவன் செய்வதெல்லாம் தேவனுடைய செயல்" என்ற அர்த்தம் அதற்குள் வராது.

பழைய காலத்துச் சபைப் பிதாவான அகுஸ்தினும் ஏறக்குறைய இப்படித்தான் விளக்கினார்: பொறாமையால் ஒரு குற்றமற்றவரைக் கொல்லும்படி ஒப்புக்கொடுப்பவன், பயத்தால் கொல்லும் அதிகாரியைவிட அதிகம் பாவம் செய்கிறான். பயத்தால் கொன்றவனும் பாவிதான்.

சபை_மூப்பன்:

மூலமொழி தம்பி, இலக்கணத்துக்கு நன்றி. இது எனக்குப் புதிது. ஆனால் நிகழ்ச்சி முழுவதும் மேலிருந்து கொடுக்கப்பட்டது என்றால் என் பக்கம்தானே இன்னும் பலமாகிறது? அதிகாரம் மட்டும் அல்ல, நடந்ததே தேவசித்தம். அப்போஸ்தலர் 4:27, 28-ல் ஏரோதும் பொந்தியு பிலாத்துவும் கூடி, தேவனுடைய கரமும் ஆலோசனையும் முன் குறித்ததையே செய்தார்கள் என்று சபை ஜெபிக்கிறது.

நம்பாதவன்:

நான் விசுவாசி இல்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் விலகியவன். விலகியதற்கு முக்கியமான காரணமே இந்த இடம்தான், அதனால் எழுதுகிறேன்.

மூப்பன் ஐயா சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அதன் முடிவு வரைக்கும் போகிறேன். எல்லாம் முன் குறிக்கப்பட்டது என்றால் பிலாத்துவுக்குப் பாவம் இல்லை. அதே நியாயத்தில் யூதாசுக்கும் இல்லை, பிரதான ஆசாரியன் காய்பாவுக்கும் இல்லை. நாடகத்தை எழுதியவர் ஒருவர், நடித்தவர்களுக்குத் தண்டனை. பேதுரு அப்போஸ்தலர் 2:23-ல் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்கிறார்: தேவன் நிர்ணயித்த ஆலோசனையின்படியே ஒப்புக்கொடுக்கப்பட்டார், நீங்கள் கொலைசெய்தீர்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள். மர்மம், மனித புத்திக்கு எட்டாது என்ற பதில் வேண்டாம். அது எனக்குச் சின்ன வயதிலேயே கிடைத்துவிட்டது.

மூலமொழி:

நேராகவே சொல்கிறேன். முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் வேதம் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போகவில்லை. ஏசாயா 10-ஐ வாசித்துப் பாருங்கள். அசீரியாவைத் தேவன் "என் கோபத்தின் கோல்" என்கிறார். அனுப்புவது அவர்தான். அடுத்த மூச்சிலேயே, அவனோ அப்படி நினைக்கவில்லை, அநேக ஜாதிகளை அழிப்பதுதான் அவன் மனதில் இருக்கிறது என்கிறார். வேலை முடிந்ததும் அவனைத் தண்டிப்பேன் என்கிறார். கோலாக இருந்தது அவனைக் காப்பாற்றவில்லை. தேவன் அவனுக்குள் கெட்ட எண்ணத்தை ஊற்றினார் என்று அங்கே இல்லை. அந்த எண்ணம் அவனுடையது, அதை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்பது தேவனுடையது. யோசேப்பு சகோதரரிடம் சொன்னதும் இதுதான்: நீங்கள் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார்.

பார்வோன் கதையிலும் இருதயத்தைக் கடினப்படுத்துவேன் என்று கர்த்தர் முதலிலேயே மோசேயிடம் சொல்லிவிடுகிறார். ஆனால் வாதைகள் வரும்போது, தவளைகளுக்குப் பின்னும் வண்டுகளுக்குப் பின்னும் பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்று இருக்கிறது. கர்த்தர் கடினப்படுத்தினார் என்று வாதைகளின் நடுவில் முதன்முதலாக வருவது ஆறாவதான கொப்புளங்களின்போதுதான். எழுதியவர் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார்.

இது உங்களுக்குப் போதாது என்று தெரியும்.

நம்பாதவன்:

போதாதுதான். முதலிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் பார்வோன் தானே செய்தான் என்று கணக்குப் பார்ப்பது எனக்குச் சமாதானம் தரவில்லை. ஆனால் அந்த ஏசாயா பகுதியை இப்போதுதான் முழுதாக வாசித்தேன். "நான் தேவனுடைய கருவி" என்று சொல்லும் அதிகாரிக்கு எதிராகவே எழுதப்பட்டது அது. அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பிரசங்கியார் அந்த அதிகாரத்தையும் வாசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய_ஆர்ஐ:

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிரேக்கம் தெரியாது, ஆனால் "மேலிருந்து" என்ற சொல்லோடு முப்பது வருஷம் பழகியிருக்கிறேன். எங்கள் பாஷையில் அது "மேலிட உத்தரவு".

வருவாய் ஆய்வாளராக இருந்தபோது ஒரு வாய்க்கால் ஓரப் புறம்போக்கில் பத்தொன்பது குடிசைகள் இருந்தன. அப்புறப்படுத்தவேண்டும் என்று மேலே முடிவாகிவிட்டது. என் வேலை ஓர் அறிக்கை மட்டும்தான். நேரில் பார்த்தேன், ஆக்கிரமிப்பு உண்மை, நோட்டீஸ் கொடுக்கப்பட்டது, ஆட்சேபணை எதுவும் வரவில்லை. இவ்வளவு எழுதினால் போதும். ஆனால் ஆட்சேபணை வந்திருந்தது. ஒரு வயதான பெண், கோடு போட்ட நோட்டுத் தாளில் யாரிடமோ எழுதி வாங்கி, கீழே கைநாட்டு வைத்து, என் கையிலேயே கொடுத்தாள். மாற்று இடம் கொடுத்துவிட்டு இடியுங்கள் என்பதுதான் மனு. அதை எண் போடாமல் கோப்புக்கு அடியில் வைத்தேன். "ஆட்சேபணை வரப்பெறவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐப்பசியில் இடித்தார்கள். மழை.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை, ஏனென்றால் உத்தரவு மேலிருந்து வந்தது. அந்த மேலிடத்தில் இருந்தவரைக் கேட்டிருந்தால், கீழிருந்து வந்த அறிக்கையின்படி என்று சொல்லியிருப்பார்.

அதனால் பிலாத்துவைப் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம்தான் கண்ணில் படும். 18:38-ல் "நான் அவனிடத்தில் ஒரு குற்றமும் காணேன்" என்கிறான். ஒரு சில வசனம் தள்ளி 19:1-ல் வாரினால் அடிப்பிக்கிறான். குற்றமில்லை என்று தன் வாயால் சொன்ன பிறகு அடி! பிறகு 19:4-லும் 19:6-லும் மறுபடி குற்றமில்லை என்கிறான். மூன்று முறை. அவனுக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டவனைத் "தன் வேலையைச் செய்தான்" என்று மூப்பன் ஐயா சொன்னபோது எனக்கு அந்த நோட்டுத் தாள் ஞாபகம் வந்தது. அவன் வேலை விசாரித்து நியாயம் தீர்ப்பது. அதைத்தான் அவன் செய்யவில்லை.

சபை_மூப்பன்:

ஐயா, இதை இங்கே வெளிப்படையாக எழுத மனது வேண்டும். வணக்கம்.

நீங்கள் சொன்னதில் ஒன்றை ஏற்கிறேன். "தன் வேலையைச் செய்தான்" என்று நான் எழுதியது தவறு. ஆனால் பிலாத்துவுக்கு இருந்த நெருக்கடியையும் பார்க்கவேண்டும். "இவனை விடுதலைபண்ணினால் நீர் இராயனுக்குச் சிநேகிதனல்ல" என்று ஜனங்கள் கத்துகிறார்கள். அது சும்மா மிரட்டல் இல்லை. ஏற்கெனவே எருசலேமில் பொன்முலாம் பூசிய கேடயங்களை வைத்த விவகாரத்தில், யூதர்கள் அப்போதைய ரோமப் பேரரசன் திபேரியு இராயனுக்கு எழுதி பிலாத்துவைக் கண்டிக்க வைத்ததாக, அக்காலத்து யூத எழுத்தாளர் ஃபிலோ எழுதியிருக்கிறார். இன்னொரு புகார் போனால் பதவி போகும், உயிரும் போகலாம். எத்தியோப்பிய சபை அவனைப் பரிசுத்தவானாகவே நினைவுகூருகிறது. அவனை ஒரேயடியாக வில்லனாக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

மறைக்கல்வி_டீச்சர்:

வில்லனாக்க வேண்டாம், சரி. ஆனால் பிலாத்துவை இளக்கிப் பேசியபோதெல்லாம் பழி எங்கே போய் விழுந்தது என்பதையும் பார்க்கவேண்டும். "ஒப்புக்கொடுத்தவன்" என்ற ஒருமைச் சொல்லை ஒரு முழு இனத்தின்மேல் ஏற்றி, நூற்றாண்டு நூற்றாண்டாக யூதர்களை அடித்தார்கள், ஊரைவிட்டுத் துரத்தினார்கள், கொன்றார்கள். எங்கள் திருச்சபை 1965-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில்தான், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார்மேலும் வேறுபாடின்றியோ இன்றைய யூதர்மேலோ சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. இவ்வளவு தாமதம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் சொல்லிவிடுவேன்.

பிலாத்து கை கழுவியதைப் பாருங்கள். அந்தச் சடங்கு ரோமருடையது மாதிரியே இல்லை, உபாகமம் 21-ல் இருப்பது. வயலில் ஒரு பிணம் கிடக்கிறது, கொன்றவன் யாரென்று தெரியவில்லை. கிட்ட இருக்கும் ஊரின் மூப்பர்கள் ஒரு கிடாரியின்மேல் கை கழுவி, எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை என்று சொல்லவேண்டும். கொன்றவன் தெரியாதபோது செய்வது அது. பிலாத்து கொலைக்கு முன்னாலேயே கை கழுவுகிறான், அப்புறம் உத்தரவு போடுகிறான். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறான். அதே மத்தேயு 27-ல் கொஞ்சம் முன்னால் யூதாஸ் காசைத் திருப்பிக் கொண்டுவந்தபோது பிரதான ஆசாரியர்கள் சொன்னதும் அதேதான்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல் என்று எங்கள் பங்குத் தந்தை காட்டினார். ஆளுக்கு ஆள் அதைக் கைமாற்றி விடுகிறார்கள்.

மூலமொழி:

யோவானிலும் அப்படி ஒரு சொல் கைமாறுகிறது டீச்சர். ஒப்புக்கொடு என்ற வினை. யூதாசுக்குத்தான் முதலில் அந்தச் சொல் ஒட்டுகிறது. 18:35-ல் பிலாத்துவே "உன் ஜனங்களும் பிரதான ஆசாரியரும் உன்னை என்னிடத்தில் ஒப்புக்கொடுத்தார்கள்" என்கிறான். 19:11-ல், ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவம். பிறகு 19:16: பிலாத்து அவரைச் சிலுவையில் அறையும்படிக்கு "ஒப்புக்கொடுத்தான்". அதே வினை. ஐந்தே வசனத்தில் அவனும் ஒப்புக்கொடுத்தவர்கள் வரிசையில் போய் நிற்கிறான். 19:11-ஐ அதிகாரிக்கு அடைக்கலமாக வாசிப்பவர்கள் 16 வரைக்கும் வாசிக்கவேண்டும்.

"மேலிருந்து" என்பதும் அப்படித்தான். பிலாத்துவின் காதில் மேலே என்றால் ரோமாபுரி. அவனுக்கு மேலே ஒரே ஒருவன், திபேரியு. இயேசு அதைவிட மேலே ஒன்றைச் சொல்கிறார். 3:31-ல் "உன்னதத்திலிருந்து வருகிறவர்" என்று இயேசுவையே சொல்லும் அதே சொல். எதற்கு மேலே யாரும் இல்லை என்று பிலாத்து "எனக்கு அதிகாரமுண்டு, எனக்கு அதிகாரமுண்டு" என்று இரண்டு முறை சொன்னானோ, அதற்கு மேலே ஒருவர் உண்டு என்கிறார். கொடுக்கப்பட்ட ஒன்றுக்குக் கணக்கு உண்டு. பதவியை நிலைநிறுத்துகிற பேச்சாக இது எனக்குக் கேட்கவில்லை.

சரித்திரத்திலும் அவனிடம் கணக்கு கேட்டார்கள். சமாரியரைக் கெரிசீம் மலைக்கருகே வெட்டியதற்காக, சீரியா தேசாதிபதி வித்தேலியு அவனை ரோமுக்கு அனுப்பினான். அவன் போய்ச் சேருமுன் திபேரியு இறந்துவிட்டான் என்று யூத சரித்திர ஆசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார்.

சபை_மூப்பன்:

19:16-ஐ நான் கவனித்ததில்லை.

சரி, யோவானை விடுகிறேன். ரோமர் 13 அப்படியே இருக்கிறதே. அதை என்ன செய்வீர்கள்?

மூலமொழி:

ஒன்றும் செய்யவேண்டாம், முழுதாக வாசித்தால் போதும். 13:4-ல் அதிகாரி "தேவ ஊழியக்காரன்", "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு". ஊழியக்காரனுக்கு எஜமான் உண்டு, எதற்கு ஊழியம் என்பதும் எழுதியிருக்கிறது. எழுதிய பவுலே பிலிப்பியில் என்ன செய்தார்? விசாரணையில்லாமல் வெளியரங்கமாய் அடித்து, மறுநாள் இரகசியமாய்ப் போகச் சொன்னபோது, "அப்படியல்ல, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்றார். அதிகாரிகள் வந்து கெஞ்சினார்கள். இது கலகம் இல்லை. ஊழியக்காரனுக்கு அவன் வேலையை ஞாபகப்படுத்துவது.

ஜெர்மனியில் 1934 மே மாதம் பார்மெனில் கூடிய சபையார், ஹிட்லர் அரசுக்குப் பணிந்த "ஜெர்மன் கிறிஸ்தவர்கள்" இயக்கத்துக்கு எதிராக வெளியிட்ட அறிக்கையிலும், அரசு தேவ நியமனம் என்பதை மறுக்கவில்லை. நீதிக்கும் சமாதானத்துக்கும் நியமிக்கப்பட்ட அரசு மனித வாழ்க்கை முழுவதற்கும் தானே ஒழுங்கு என்று உரிமை கொண்டாட முடியாது என்றார்கள். ஆனால் அந்த அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நல்ல வேதசாஸ்திரம் எழுதியவர்களும் பக்கத்தில் நின்றவனைப் பார்க்கத் தவறினார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு ரோமர் 13-ஐக் காட்டிக் கீழ்ப்படியச் சொன்னபோது, 1985-ல் கைரோஸ் ஆவணம் எழுதியவர்கள், வெளிப்படுத்தல் 13-ஐயும் வாசியுங்கள் என்றார்கள். அங்கே மிருகத்துக்கு அதிகாரம் கொடுப்பது வலுசர்ப்பம்.

சபை_மூப்பன்:

நீங்கள் ஹிட்லரையும் நிறவெறியையும் கொண்டுவருகிறீர்கள். நான் பேசுவது ஒரு சபைக் கமிட்டியைப் பற்றி. அங்கே வேண்டியது பொறுமை. தாவீது சவுலின்மேல் கை போடவில்லை. "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமல் இருங்கள்" என்பதும் வசனம்தானே?

பாளை_வாசகி:

மூப்பன் ஐயா, அந்த வசனத்தை எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். நேற்று இரவு சங்கீதம் 105-ஐ எடுத்து மேலிருந்து வாசித்தேன். 12-ம் வசனத்தில் "அவர்கள்" யார் தெரியுமா? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கொஞ்சப் பேர், பரதேசிகள், சொந்த நிலம் இல்லாமல் அலைந்தவர்கள். 14-ல் அவர்கள் நிமித்தம் தேவன் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். 15-ல்தான் தொடாதிருங்கள் என்று வருகிறது. ராஜாக்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. இடமில்லாதவர்களைத் தொடாதே என்று பலசாலியிடம் சொன்னது. ஆர்ஐ ஐயாவின் பத்தொன்பது குடிசைகளைப் படித்தபிறகு அந்த வசனம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

தாவீதும் சும்மா இருக்கவில்லையே. கெபியில் சால்வைத் தொங்கலை அறுத்தார். பிறகு வெளியே வந்து சவுலைக் கூப்பிட்டு, கர்த்தர் நமக்குள் நியாயம் தீர்க்கட்டும் என்று ஆள்கள் நடுவில் முகத்துக்கு நேராகச் சொன்னார். கை போடாமல் இருப்பது வேறு, வாய் மூடி இருப்பது வேறு.

கணக்கைப் பற்றிப் பவுலே எழுதியிருக்கிறார், 2 கொரிந்தியர் 8:20, 21. எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தில் ஒருவரும் தன்னைக் குற்றப்படுத்தக் கூடாது என்று வேறு ஆட்களையும் கூட அனுப்புகிறார். "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" என்கிறார். அப்போஸ்தலனே கணக்கு காட்டினால், கமிட்டியிடம் கேட்பது எப்படிக் கலகம் ஆகும்?

நீங்கள் சொன்ன சபை பூட்டப்பட்டதைப் படித்து எனக்கும் வருத்தமாக இருந்தது. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சபை உடைந்தது யாரோ கேள்வி கேட்டதனாலா, கேட்டபோது பதில் வராததனாலா?

பழைய_ஆர்ஐ:

சகோதரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாபோத்தின் திராட்சத்தோட்டம், 1 இராஜாக்கள் 21. ஆகாப் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கிறான். கடிதம் எழுதியது யேசபேல். முத்திரை ஆகாபுடையது. கல்லெறிந்தது ஊரார். ஆனால் எலியா வந்து நின்றது ஆகாப் முன்னால்: "நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ?" முத்திரை யாருடையதோ கேள்வி அவனுக்கு.

நடுவில் யெஸ்ரயேல் ஊர் மூப்பர்களும் பெரியோர்களும் இருக்கிறார்கள். கடிதம் வந்தது, எழுதியிருந்தபடி செய்தார்கள். அவர்கள் பெயர்கூட வேதத்தில் இல்லை. நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன். 1 சாமுவேல் 22-ல் வேறு மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். நோபின் ஆசாரியர்களைக் கொல்லுங்கள் என்று சவுல் சொன்னபோது, ராஜாவின் சேவகர்கள் கை நீட்டவில்லை. தோவேக்கு என்ற ஏதோமியன்தான் எண்பத்தைந்து பேரை வெட்டினான். அந்தச் சேவகர்கள் ஆசாரியர்களைக் காப்பாற்றவில்லை, ராஜாவை எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. கையை மட்டும் நீட்டாமல் நின்றார்கள். அன்று எனக்கும் அவ்வளவு போதும். அந்த மனுவுக்கு ஓர் எண் போட்டு, "ஆட்சேபணை ஒன்று வரப்பெற்றது" என்று எழுதியிருக்கலாம். குடிசைகளை ஒருவேளை அப்போதும் இடித்திருப்பார்கள்.

சபை_மூப்பன்:

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ரோமர் 13 பற்றி என் நிலை மாறவில்லை. அதிகாரம் தேவனால் உண்டாகிறது, காரணமில்லாமல் அதைத் தள்ளுவது பாவம். சபையை நீதிமன்றத்துக்கு இழுப்பதை இன்றும் எதிர்ப்பேன். ஆனால் யோவான் 19:11-ஐ அதற்கு ஆதாரமாக இனி எடுக்கமாட்டேன். நானே அந்த வசனத்தை வைத்து இரண்டு முறை செய்தி கொடுத்திருக்கிறேன். 16-ம் வசனத்தைத் தொடாமல்.

சகோதரி கடைசியில் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சபையில் முதலில் கேட்டவர்கள் நான்கு பேர். கேட்டது வரவு செலவுப் புத்தகம். ஒரு வருஷம் யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன்.

பாளை_வாசகி:

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. அந்த அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறக்கமாட்டேன்.

நேற்று சாயங்காலம் அந்த இரண்டு வரிசை முன்னால் இருந்தவர் வீட்டுக்குப் போனேன். கடிதத்தின் நகலை எடுத்துக் காட்டினார். எட்டு வரிதான். மரியாதையாக எழுதியிருந்தார். வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எந்தக் கணக்கில் இருக்கிறது என்று மூன்று கேள்வி. பதில் வராததால் இரண்டாவது கடிதம் எழுதி வைத்திருந்தார். கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. மூன்றாவதாக என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

கமிட்டி வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கூடுகிறது. பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுகிறேன்.